ராஜ்ய சபையும் நம் வீட்டு வோட்டும்

அறிந்துகொள்வோம் பகுதி

சென்ற மாதம் இப்பகுதியில் மக்கள் சபையைப் பற்றிச் சில செய்திகளைக் கூறினோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "மக்கள் சபைக்கு வோட்டுப் போடுகிறோம்; சட்டசபைக்கும் போடுகிறோம். ராஜ்ய சபைக்கு மட்டும் எங்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. அங்கே அமர்ந்திருப்பவர்களை அனுப்பியது யார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றோருக்கு இக்கேள்வி பிறரைக் காட்டிலும் மிக நெருங்கியது. ஏனெனில், அச்சபையின் பெயரே மாநிலங்களின் சபை என்பதாகும். நாம் எந்த மாநிலத்தார்? பிறந்த மாநிலத்தாரா, பிழைக்கும் மாநிலத்தாரா? இதற்கு விடை காணுமுன் சபையின் அமைப்பை அறிந்துகொள்வது நலம்.

அங்கத்தினர் தொகை

ராஜ்ய சபை 1952ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அமைக்கப்பட்டது. அதன் முதற்கூட்டம் அவ்வாண்டு மே 13ஆம் நாள் நடைபெற்றது. அப்பொழுது அங்கத்தினர் 216 பேர். "ராஜ்ய சபா" என்னும் பெயர் 1954 ஆகஸ்டு 23ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அரசியல் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 250. இப்பொழுதுள்ள இடங்கள் 245. இவற்றுள் 233 இடங்களுக்குத் தேர்தல் உண்டு. எஞ்சிய 12 பேரை ஜனாதிபதி நியமிக்கிறார்.

மாநிலங்களுக்கு இடங்கள் ஜனத்தொகையை ஒட்டிப் பகிரப்பட்டுள்ளன. உத்தரப் பிரதேசத்திற்கு 31, மகாராஷ்டிரத்திற்கு 19, தமிழ்நாட்டிற்கு 18, மேற்கு வங்கத்திற்கும் பிஹாருக்கும் 16 வீதம், கர்நாடகத்திற்கு 12, கேரளத்திற்கு 9. தில்லிக்கு 3, புதுச்சேரிக்கு 1. கோவா, சிக்கிம், நாகாலாந்து போன்ற சிறு மாநிலங்களுக்கு ஒவ்வோர் இடமே உண்டு. அமெரிக்க நாட்டின் செனட் சபையிலோ மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் இரண்டே பேர். ஐம்பது மாநிலங்களுக்கும் நூறு பேர். அங்கே மாநிலங்கள் சமம்; இங்கே தலைக்கணக்கு. வேறொரு வேற்றுமையும் உண்டு. அந்நாட்டிலும் முன்னாளில் மாநிலச் சட்டசபைகளே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து வந்தன. 1913இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அவர்கள் மாறிவிட்டார்கள். நாம் பழைய வழியிலேயே நிற்கிறோம்.

மக்கள் சபையைக் கலைக்கலாம். ராஜ்ய சபையைக் கலைத்தல் இயலாது. அங்கத்தினரின் காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் விலக, அவ்விடங்களுக்குப் புதியவர் வருவர். இரயில் நிலையத்தில் வேலைநேரம் முடிந்தவர் சாவியை ஒப்படைத்துச் செல்ல, அடுத்தவர் வந்து அமர்கிறார். நிலையம் ஒரு நாளும் மூடப்படுவதில்லை. சபையும் அத்தகையதே. 1952இல் எல்லாரும் ஒரே சமயத்தில் வந்தவராகையால், இரண்டு ஆண்டில் விலகுவோர் யார், நான்கு ஆண்டில் விலகுவோர் யார் என்பதைத் திருவுளச் சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள்.

நியமனம் பெறும் பன்னிருவரும் இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவராயிருத்தல் வேண்டும். 1952இல் நியமனம் பெற்றவர்களுள் ஸ்ரீமதி ருக்மணி தேவி அருண்டேலும் ஒருவர். பின்னாளில் நடிகர் சிவாஜி கணேசன், விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், 2022இல் இசையமைப்பாளர் இளையராஜா ஆகியோர் அவ்வாறு சென்றனர். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1986 முதல் 1992 வரை அங்கத்தினராக இருந்தார். 1989இல் அவர் எழுந்து பேசிய பொருள் யாது தெரியுமா? நாட்டின் பெரும் பிரச்சினை எதுவும் அன்று. பள்ளிக் குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பையின் பாரம்! பெரிய சபைகளில் சிறிய தோள்களுக்காகப் பேச ஒருவர் இருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, சகோதரியின் கேள்விக்கு வருவோம். ராஜ்ய சபை அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்போர் அந்தந்த மாநிலச் சட்டசபையின் அங்கத்தினர்கள். நாம் சட்டசபைக்கு ஒருவரை அனுப்புகிறோம். அவர் ராஜ்ய சபைக்கு ஒருவரை அனுப்புகிறார். ஆகவே நமக்கு வோட்டு இல்லை என்று சொல்லுவது பொருந்தாது. நம் வோட்டு நேர் வண்டியில் செல்லாமல், ஜங்ஷனில் இறங்கி வேறு வண்டி ஏறிச் செல்கிறது. அவ்வளவே வேற்றுமை.

தேர்தல் கணக்குச் சற்றுச் சிக்கலானது. ஆயினும் பொறுமையோடு பார்த்தால் விளங்கும். சட்டசபை அங்கத்தினர் தமக்கு உகந்த அபேட்சகர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என வரிசை எண் இடுகிறார். ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு 100. மொத்த மதிப்பை, காலியான இடங்களோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, மீதியைத் தள்ளி, ஈவுடன் ஒன்று சேர்க்க வேண்டும். வருகிற எண்ணை எட்டியவர் ஜயித்தவர். தமிழ்நாட்டுச் சட்டசபையில் 234 பேர். ஆறு இடங்களுக்குத் தேர்தல் என்று கொள்வோம். 23,400ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 3,342. ஒன்று சேர்த்தால் 3,343. எனவே 34 பேரின் முதல் விருப்பத்தைப் பெற்றவர் தேர்ந்துவிடுவார். தில்லிச் சட்டசபையில் 70 பேர், இடம் மூன்று. 7,000ஐ 4ஆல் வகுத்தால் 1,750. ஒன்று சேர்க்க 1,751. அங்கே 18 பேர் போதும். ஒருவருக்குத் தேவைக்கு மேற்பட்டு வந்த வோட்டின் மதிப்பு, சீட்டில் இரண்டாம் எண் பெற்றவருக்கு மாற்றப்படும். இம்முறையால் சட்டசபையில் சிறுபான்மையாயிருக்கும் கட்சிக்கும் தன் பலத்துக்கேற்ற இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 34 பேரை உடைய கட்சி, ஆளுங்கட்சி எவ்வளவு பெரிதாயினும் அஞ்ச வேண்டுவதில்லை.

2003 வரையில் இந்த வோட்டு இரகசியமாயிருந்தது. பணம் கைமாறுகிறது என்ற புகார் பெருகியதால், அவ்வாண்டில் சட்டத்தைத் திருத்தி, கட்சியைச் சேர்ந்தவர் தம் சீட்டைத் தம் கட்சியின் பிரதிநிதிக்குக் காட்டிவிட்டே பெட்டியில் இட வேண்டும் என விதித்தார்கள். 2017 ஆகஸ்டில் குஜராத்தில் இருவர் தம் சீட்டை உரியவரல்லாதாருக்கும் காட்டினர் என்று அவ்விரு வோட்டுக்களும் தள்ளப்பட்டன. ஓர் இடத்தின் முடிவு அதனைப் பொறுத்தே அமைந்தது. திரை நீங்கினால் பணத்துக்கு வழி அடைபடும் என்பது உண்மையே. ஆயின் மனச்சாட்சிக்கும் வழி குறுகிவிடுகிறது என்பாரும் உளர். அவர் சொல்லும் புறக்கணிக்கத் தக்கதன்று.

சபையை நடத்துவோர்

ராஜ்ய சபைக்குத் தலைமை வகிப்பவர் உப ஜனாதிபதி. அவர் அச்சபையின் அங்கத்தினர் அல்லர். இரு தரப்பு வோட்டும் சமமானால் மட்டுமே அவருக்கு வோட்டு உண்டு. முதல் தலைவர், திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். 1952 முதல் 1962 வரை பத்து ஆண்டுகள் அவர் அப்பீடத்தில் வீற்றிருந்தார். 1984 முதல் 1987 வரை ஸ்ரீ ஆர். வெங்கட்ராமன் தலைமை வகித்தார். 2025 செப்டம்பரில் திருப்பூரைச் சேர்ந்த ஸ்ரீ சி. பி. ராதாகிருஷ்ணன் உப ஜனாதிபதியாகத் தேர்ந்து அப்பொறுப்பை ஏற்றார்.

ஆளுங்கட்சியின் தரப்பில் சபையின் காரியங்களை நடத்திச் செல்பவர் சபை முதல்வர். பிரதம மந்திரி ராஜ்ய சபையின் அங்கத்தினராயிருந்தால் அவரே சபை முதல்வர். இல்லையேல் வேறு மந்திரி ஒருவர் அப்பொறுப்பை ஏற்பார். எந்த மசோதா எந்நாளில் வரும், விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்பனவற்றைத் தலைவரோடும் மற்றக் கட்சியினரோடும் கலந்து முடிவு செய்வது அவர் பணி. 1952இல் முதல் முதல்வராயிருந்தவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீ என். கோபாலஸ்வாமி ஐயங்கார். இரயில்வே ஊழியர் அவரை மறத்தல் தகாது. அவர் இரயில்வே மந்திரியாயிருந்த காலத்தில்தான் பல கம்பெனி இரயில்களும் சமஸ்தான இரயில்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு மண்டலங்களாயின; 1951 ஏப்ரல் 14ஆம் நாள் தென்னக இரயில்வே பிறந்தது. சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக இணைத்த அனுபவசாலியைப் புதிய சபைக்கு முதல்வராக்கியது பொருத்தமே.

எதிர்ப்புறத்தில் முதல் வரிசையில் அமர்பவர் எதிர்க்கட்சித் தலைவர். தொடக்கத்தில் அப்படி ஒரு பதவி முறையாக ஏற்கப்படவில்லை. 1969இல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்த பின்னரே ராஜ்ய சபையில் ஒருவர் அவ்வாறு அங்கீகரிக்கப்பட்டார். 1977இல் தனிச் சட்டம் இயற்றி அப்பதவிக்குச் சம்பளமும் வசதியும் அளித்தார்கள். சபையில் பத்தில் ஒரு பங்கு பலமாவது அக்கட்சிக்கு இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். அப்பலம் எக்கட்சிக்கும் இல்லாமையால், 1980களின் பெரும்பகுதியில் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. டாக்டர் மன்மோகன் சிங் 1998 முதல் 2004 வரை எதிர்க்கட்சித் தலைவராகவும், அடுத்த பத்து ஆண்டுகள் பிரதம மந்திரியாகவும் சபை முதல்வராகவும் விளங்கினார். ஒரே மனிதர் ஒரே சபையில் இடப்புறமிருந்து வலப்புறம் சென்று அமர்ந்தார். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. 2021இல் ஸ்ரீ மல்லிகார்ஜுன கார்கே எதிர்க்கட்சித் தலைவரானார். 2024இல் ஸ்ரீ ஜே. பி. நட்டா சபை முதல்வரானார்.

கட்சிதோறும் கொறடா ஒருவர் உண்டு. முக்கியமான வோட்டு வரும் நாளில் அங்கத்தினரை வரவழைத்து, இன்னபடி வோட்டளிக்க வேண்டும் என்று உத்தரவிடுவது அவர் வேலை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்பின் அவ்வுத்தரவை மீறுவோர் பதவியையே இழக்க நேரும்.

கொறடாவின் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 1970 செப்டம்பர் 5ஆம் நாள் நாடு கண்டது. சுதேச மன்னர்களுக்கு அளித்துவந்த மானியத்தை நிறுத்தும் அரசியல் சட்டத் திருத்த மசோதா மக்கள் சபையில் நிறைவேறி ராஜ்ய சபைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரு பங்கு வேண்டும். வோட்டளித்தோர் 224 பேர். அதில் மூன்றில் இரு பங்கு 149ஐக் காட்டிலும் சிறு பின்னம் அதிகம். ஒரு முழு வோட்டுக்கூடக் குறையவில்லை, மசோதா தோற்றது! மறு ஆண்டில் வேறொரு திருத்தம் கொண்டுவந்தே அம்மானியத்தை ஒழிக்க முடிந்தது.

இவ்வளவு பலம் எல்லா விஷயத்திலும் ராஜ்ய சபைக்கு உண்டென எண்ணலாகாது. பண மசோதாவை அது 14 நாள் மட்டுமே வைத்திருக்கலாம். மந்திரி சபையை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்த்த அதனால் இயலாது. ஆயினும் கேட்கப்படாத குரலைக் கேட்கச் செய்யும் இடம் அது. 1962 முதல் 1967 வரை அங்கத்தினராயிருந்த அறிஞர் அண்ணாதுரை, தம் முதற்பேச்சிலேயே தம் கட்சியின் பிரிவினைக் கொள்கையை எடுத்துரைத்தார். அக்கொள்கையைத் தடுக்கும் பதினாறாவது திருத்தம் 1963இல் வந்தபொழுது, அதே சபையில் நின்று எதிர்த்து வாதாடினார். அவர் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. பேச இடம் இருந்தது என்பதே இங்குக் குறிக்கத் தக்கது.

வசிப்பிடம் பற்றிய வழக்கு

இனி நமக்கு நேராக உரிய செய்தி. ஒரு மாநிலத்திலிருந்து ராஜ்ய சபைக்குச் செல்பவர் அம்மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காகவே தலைவர்கள் சிலர் வேற்று மாநிலத்தில் வீடு வாடகைக்கு எடுத்துப் பெயரைப் பதிந்துகொண்டனர். 2003இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. இந்தியாவில் எங்கேனும் வாக்காளராயிருந்தால் போதும் என்றாயிற்று. இதை எதிர்த்துப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குத் தொடுத்தார். மாநிலத்தில் வசியாதவர் மாநிலத்தின் குரலாவது எங்ஙனம் என்பது அவர் வாதம். 2006இல் சுப்ரீம் கோர்ட்டு திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதன் பயன் நம் கண்முன் உள்ளது. மதுரையில் பிறந்த ஸ்ரீமதி நிர்மலா சீதாராமனை 2014இல் ஆந்திரமும் 2016இல் கர்நாடகமும் அனுப்பின. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஸ்ரீ ப. சிதம்பரத்தை 2016இல் மகாராஷ்டிரம் அனுப்பியது. தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ எஸ். ஜெய்சங்கரை 2019இல் குஜராத் அனுப்பியது. ஸ்ரீ எல். முருகனை 2021இல் மத்தியப் பிரதேசம் அனுப்பியது. தமிழர் வேற்று மாநிலங்களின் பெயரால் அமர்வது கண்டு நமக்குப் பெருமை உண்டாகிறது; அது இயல்பே. ஆயினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. அம்மாநிலத்துக் குடியானவனும் தறிகாரனும், "எங்கள் ஊர்த் தண்ணீர்க் கஷ்டம் இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டால், அக்கேள்விக்கும் மதிப்பு உண்டு. பிறந்த இடம் ஒருவரைப் பிரதிநிதியாக்காது. வீட்டு வாடகை ரசீதும் ஆக்காது. அனுப்பிய மக்களின் குறையை அறிந்து எடுத்துரைப்பதே ஒருவரைப் பிரதிநிதியாக்கும் என்பது இவ்வெளியேனின் கருத்து.

நாம் செய்ய வேண்டுவது

இங்கே ஒன்றை நன்கு கவனித்தல் வேண்டும். வசிப்பிட நிபந்தனை நீங்கியது அங்கத்தினருக்கு, வாக்காளருக்கு நீங்கவில்லை. எவ்வூரில் சாதாரணமாக வசிக்கிறோமோ அவ்வூரில்தான் நமக்கு வோட்டு. சொந்த ஊரில் வீடு இருப்பது ஒன்றே அங்கே வாக்காளராயிருக்கப் போதாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் கூடாது.

நம்மவரோ என்ன செய்கிறோம்? ரேஷன் கார்டு இங்கே. குழந்தைகளின் பள்ளி இங்கே. வோட்டு மட்டும் ஊரில். தேர்தல் நாளில் ஊருக்குச் செல்லும் வசதியும் பெரும்பாலோருக்கு இல்லை. வடக்கே முப்பது ஆண்டு இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நான் அறிவேன். அம்முப்பது ஆண்டில் அவர் விரலில் ஒரு முறையும் மை படவில்லை. "எல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்" என்றார். மாற்றலாகி மாற்றலாகிச் சென்றவர். அவரைக் குறை கூற மனம் வரவில்லை. ஆயின் அவர் போன்றார் ஆயிரம் பேர் ஒரு வட்டாரத்தில் இருந்தால், அங்கே சட்டசபைக்கு நிற்பவர் நம் தெருவுக்கு ஏன் வரப்போகிறார்?

ஊரில் பெயர் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இனிச் செல்லாது. 2025இல் பிஹாரில் வாக்காளர் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தியபொழுது, முதல் வரைவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இரு இடத்தில் பதிந்தோர் ஆகியோரோடு, பிழைப்புக்காக வெளியூர் சென்றோரும் அவர்களுள் அடங்குவர். அப்பணி அவ்வாண்டின் இறுதியில் தமிழ்நாடு முதலிய பன்னிரண்டு மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கிற்று. ஊரில் பெயர் நீங்கி, இங்கேயும் பதியாதவன் எவ்வூர் வாக்காளனும் அல்லன்.

அரசியல் சட்டத்தின் 350-ஏ விதி, மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அவ்வசதியைத் தாராவியிலோ, கரோல்பாக்கிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலோ செய்துதர வேண்டியவர் அங்குள்ள அதிகாரிகள். அவர்களைக் கேட்க வேண்டியவர் அங்குள்ள சட்டசபை அங்கத்தினர். அவர் செவி சாய்ப்பது ஜாபிதாவிலுள்ள பெயருக்கே. அதே அங்கத்தினர்தாம் ராஜ்ய சபைக்கும் ஆள் அனுப்புகிறவர்.

எனவே நேயர்கள் இம்மாதத்திற்குள் மூன்று காரியம் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிறைந்தோர் அனைவரின் பெயரும் எங்கே பதிவாகியுள்ளது என்று பாருங்கள். இரண்டாவது, வேறிடத்தில் பதிந்திருப்போர் வசிப்பிடம் மாறியதற்குரிய 8ஆம் எண் படிவத்தையும், புதிதாகச் சேர்வோர் 6ஆம் எண் படிவத்தையும் நிரப்பித் தாருங்கள். மூன்றாவது, உங்கள் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் பெயரைக் குழந்தைகளும் அறியும்படி சொல்லி வையுங்கள். மாற்றலாகிச் செல்லும் ஊழியர், கேஸ் சிலிண்டர் மாற்றுவதைப்போல் வோட்டையும் உடன் மாற்றிக்கொள்வதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

இதனால் பிறந்த ஊரின்மீது அன்பு குறைந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுவர். தாய்வீட்டை மறந்தவள் எவளுமில்லை. ஆயினும் அடுப்பு மூட்டுவது புகுந்த வீட்டில்தான். நாம் உண்ணும் சோற்றையும், குடிக்கும் நீரையும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் நிர்ணயிக்கும் இடத்தில் நம் பெயர் இருக்கட்டும். நாம் எந்த மாநிலத்தார் என்ற கேள்விக்கு வோட்டர் ஜாபிதா தரும் விடை இதுவே.

படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலை சங்கத்து வாசகசாலைக்கு வரலாம். அடுத்த இதழில், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறை.